என் ஜீப்பை மட்டும் மறித்த கொள்ளுக்காரம்மா

பதினைந்து வருடங்களுக்கு முன்பு, தை மாதம் முடிகிற சமயம். அப்போது நான் கச்சிராயபாளையத்திலிருந்து கல்வராயன் மலைக்கு ஷேர் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு கோமுகி அணையைத் தாண்டி மலையேறினால் வெள்ளிமலை வரை போய்த் திரும்புவேன். ஒரு நாளைக்கு மூன்று நடை. பஸ் எப்போது வரும் என்பது பஸ்ஸுக்கே தெரியாது என்பதால் எனக்குக் கூட்டத்துக்குக் குறைவே இருந்ததில்லை. கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த மலைப்பாதையில் எந்த வளைவில் எத்தனை பள்ளம் என்று சொல்லிவிடுவேன் என்று டீக்கடையில் பீற்றிக்கொள்வேன். அந்த வயதில் எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்திதான்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் ஒரு சின்ன விபத்து. கொம்புக்குப் புதுசாகச் சிவப்பு வண்ணம் அடித்த கன்று ஒன்று திடீரென்று குறுக்கே ஓடி வந்தது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். இடது முன்சக்கரம் ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவரில் மொத்தென்று முட்டி நின்றது. வேகமெல்லாம் இல்லை. கன்றும் பிழைத்தது, வண்டியில் இருந்தவர்களுக்கும் ஒரு கீறல் கிடையாது. நான் இறங்கி டயரை இரண்டு உதை உதைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

ஒன்றுமில்லாமல் இல்லை. நேரான ரோட்டில் போகும்போது ஸ்டியரிங்கின் நடுக்கம்பி படுக்கை வாட்டத்தில் நிற்க வேண்டும். முட்டியதற்குப் பிறகு அது ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. வண்டியும் லேசாக இடது பக்கம் இழுத்தது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்பதுதான் எனக்கு முதல் கவலை. அன்று மதியமே டீக்கடை வாசலில் நிறுத்தி, ஸ்டியரிங் நடுவில் இருக்கிற நட்டைக் கழற்றினேன். வளையத்தை உருவி, அது மாட்டுகிற தண்டில் இரண்டு பல் தள்ளித் திருப்பி, கம்பி நேராக நிற்கிற மாதிரி மாட்டி முடுக்கினேன். சக்கரத்தின் பக்கம் போகவே இல்லை. கழுத்து சுளுக்கிக்கொண்டவனுக்குத் தலைப்பாகையை நேராகக் கட்டிவிட்ட மாதிரிதான் இது. ஆனால் அன்றைக்கு என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். சாயங்காலம் மாரியம்மன் கோயில் எதிரில் பூசணிக்காய் உடைத்து, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினேன். திருஷ்டியும் கழிந்தது, ஸ்டியரிங்கும் நேரானது. இழுப்பு மட்டும் இருந்தது. நாலைந்து நாளில் கை அதற்கும் பழகிவிட்டது.

அப்படியே மூன்று வாரம் ஓட்டினேன்.

மலைமேல் ஏறி முடித்ததும் சமதளமாக ஒரு நீள ரோடு வரும். பக்கத்தில் ஒரு சின்ன ஊர். அறுப்பு சமயத்தில் அந்த ஊர்க்காரர்கள் கொள்ளுச் செடியைப் பிடுங்கி வந்து தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் அதன்மேல் ஏறி மிதித்துவிட்டுப் போகும். சாயங்காலம் சக்கையை உதறி, தூற்றி, கொள்ளு மணியை மூட்டை கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். சில டிரைவர்கள் திட்டுவார்கள். எனக்கு அதில் ஒரு சந்தோஷம். நம் வண்டி போகிற போக்கில் யாருக்கோ ஒரு வேலை முடிகிறதே என்று வேண்டுமென்றே நடுவில் ஏற்றி ஓட்டுவேன்.

அந்த மூன்றாவது வாரத்துப் புதன்கிழமை, ரோட்டில் ஓர் அம்மா கொள்ளு காயப்போட்டிருந்தார். என் வயதுதான் இருக்கும், முப்பது முப்பத்திரண்டு. சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, கையில் செடியைப் புரட்டுகிற கவைக்கோல். எனக்கு முன்னால் போன பஸ்ஸைக் கையாட்டி நடுவில் வரச்சொன்னார். பஸ் ஏறி மிதித்துவிட்டுப் போனது. பின்னால் நான் போனேன். அவர் ஓடிவந்து நடுரோட்டில் நின்று கவைக்கோலைக் குறுக்கே நீட்டினார்.

“ஓரமா போ, ஓரமா போ!”

ஏதோ ஞாபகத்தில் சொல்கிறார் என்று நினைத்து, மண்ணில் இறக்கி ஓரமாகப் போனேன். திரும்பி வரும்போதும் அதே கதைதான். மறுநாள் கவனித்தேன். செங்கல் லாரிக்கு வழி உண்டு, டிராக்டருக்கு உண்டு, எனக்குப் போட்டியாக ஓடுகிற இன்னொரு ஜீப்புக்குக்கூட உண்டு. என் வண்டியைக் கண்டால் மட்டும் கோல் குறுக்கே வருகிறது. ஒவ்வொரு நடையும் நான் மண்ணில் இறங்கிக் குலுங்கிக் குலுங்கிப் போக, உள்ளே இருக்கிறவர்களுக்கு ஒரே சிரிப்பு.

“இன்னா டிரைவரே, பொண்ணு கேக்கப் போன எடத்துல வாசல்லயே திருப்பி அனுப்புற மாதிரி அனுப்புதே!” என்று பின்சீட்டிலிருந்து ஒருவர் கேட்டார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை இன்னொரு விஷயம். மலையில் இருக்கிற ஓர் உண்டு உறைவிடப் பள்ளியின் தலைமை ஆசிரியை என்னை நிறுத்தி, ஞாயிற்றுக்கிழமை கள்ளக்குறிச்சியில் கபடிப் போட்டி, எங்கள் பெண்கள் பன்னிரண்டு பேரையும் கூட ஒரு டீச்சரையும் காலையில் கீழே கொண்டுபோய்விட முடியுமா என்று கேட்டார். பிள்ளைகள் முதல்முறையாக மலையைவிட்டு இறங்கி ஆடப்போகிறார்களாம். என் ஜீப்பில் பன்னிரண்டு பேர் என்பது எனக்குப் புதிதல்ல. கவலையே வேண்டாம் டீச்சர், பூ மாதிரி கொண்டுபோய் இறக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அந்தப் பெருமையோடு போகிறேன், மறுபடியும் கவைக்கோல். இந்தத் தடவை நான் ஓரமாக இறக்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கினேன்.

“இன்னாமா, மனசுல இன்னா நெனச்சிக்கினு இருக்க? பஸ்ஸு போவலாம், லாரி போவலாம், என் வண்டி மட்டும் ஆவாதா?”

அவர் பதறவில்லை. “உன் வண்டி கொள்ள மிதிக்கலண்ணா, அரைக்குது” என்றார்.

“எல்லா வண்டிக்கும் ரப்பர் டயருதான். என் டயருல இன்னா கத்தியா கட்டி வச்சிக்கினு இருக்கேன்?”

“அது எனக்குத் தெரியாது. நீ போனா கொள்ளு பருப்பா ஒடையுது. ஒடஞ்சத மூட்டை கட்டுனா ஒரே மாசத்துல வண்டு வுழுந்துடும். வர்சம் பூரா நாங்க அதத்தான் துன்னணும்.”

நான் விடுவதாக இல்லை. வண்டியில் இருந்தவர்களும் வேடிக்கை பார்க்க இறங்கிவிட்டார்கள். சரி, நிரூபி என்றேன். அவர் சலித்துக்கொண்டே புதுச் செடி இரண்டு கட்டு எடுத்துவந்து ரோட்டில் ஒரே சீராகப் பரப்பினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளிமலையிலிருந்து திரும்பிய பஸ் அதன்மேல் ஏறிப் போனது. “வா, பாரு” என்றார். தடம் இரண்டும் பாய் விரித்த மாதிரி படிந்திருந்தது. நெற்று வெடித்துக் கொள்ளு வெளியே வந்திருந்தது, முழு முழுக் கொள்ளாக. பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டைப் பரப்பி, “இப்ப நீ போ, மெதுவா” என்றார். நான் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கை நூல் பிடித்த மாதிரி நேராக வைத்துக்கொண்டு ஓட்டினேன். இறங்கி வந்து பார்த்தேன்.

எனக்கு அந்தக் காட்சி இன்றைக்கும் மறக்கவில்லை. இரண்டு தடத்திலும் செடியெல்லாம் சீப்பால் வாரிய மாதிரி உள்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இடதுபக்கச் செடி வலப்பக்கம் பார்த்து, வலதுபக்கச் செடி இடப்பக்கம் பார்த்து. நடுவில் மெலிசாக ஒரு மேடு. குந்தி உட்கார்ந்து ஒரு பிடி அள்ளினேன். பாதிக்குப் பாதி உடைந்த பருப்பு.

“பாத்தியா, நடுவுல வரப்பு கட்டிக்கினு போவுது” என்றார் அந்த அம்மா. “முன்சக்கரம் ரெண்டும் சண்ட போட்ட புருசன் பொண்டாட்டி மாதிரி ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கினு இருக்குது. வண்டிதான் ரெண்டையும் தரதரன்னு இழுத்துக்கினு நேரா போவுது.”

நான் பதினோரு வருடமாக வண்டி ஓட்டுகிறவன். ஆனாலும் அவரிடம், உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று கேட்டேன். மரியாதை தானாக வந்துவிட்டது.

“சைக்கிளே தெரியாது. நாள் பூரா இங்கயே குந்திக்கினு டயரு தடத்தத்தான பாக்கறேன், வேற இன்னா வேல?” என்றவர், போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். “இப்ப போச்சே பஸ்ஸு, அதுல பின்னால எடது கை உள்சக்கரத்துல காத்து கம்மி. தடம் அகலமா வுழுது. அவங்கிட்டயும் சொல்லணும்னு பாக்கறேன், நிக்கவே மாட்றான்.”

செடிக்கட்டு கட்டுகிற கயிறு ஒன்றை அவரிடம் வாங்கினேன். ஒரு முனையை அவர் பிடித்துக்கொள்ள, இரண்டு முன்சக்கரங்களுக்கு நடுவில் முன்பக்கம் எவ்வளவு இடைவெளி என்று அளந்து முடிச்சுப் போட்டேன். அதே கயிற்றை அதே சக்கரங்களின் பின்பக்கம் வைத்துப் பார்த்தால், கயிறு இரண்டு விரற்கடை மிச்சம், முன்பக்கம் அந்த அளவுக்கு விரிந்திருந்தது. அப்புறம் டயரைத் தடவினேன். உள்ளேயிருந்து வெளியே தடவினால் வழவழவென்று போகிறது. வெளியேயிருந்து உள்ளே கையைக் கொண்டுவந்தால் அரத்தில் உரசுகிற மாதிரி இருக்கிறது. மூன்று வாரமாகத் தினமும் காலையில் அந்த டயருக்குப் பக்கத்தில்தான் நின்று பல் குச்சி கடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

அடியில் படுத்துப் போய் மண்ணைத் துடைத்தேன். முன்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிற இரும்புத் தண்டு, டை ராடு என்போம், அது வில்லாக வளைந்திருந்தது. பாலத்துச் சுவரில் முட்டியபோது வளைந்ததுதான். வேறெப்போது?

இங்கே என் புத்தி போன போக்கையும் சொல்லிவிட வேண்டும். வெளியே வந்ததும் எனக்கு முதலில் தோன்றியது, ஒரு பைப்பை மாட்டி நெம்பினால் ராடை நிமிர்த்திவிடலாம் என்பதுதான். வழியில் மாட்டிக்கொண்டால் டிரைவர்கள் அப்படிச் செய்வதுண்டு. ஞாயிற்றுக்கிழமை நடையை முடித்துவிட்டுத் திங்கட்கிழமை சாவகாசமாக ஒர்க் ஷாப்பில் விடலாம். டீச்சருக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும், என் பேரும் நிற்கும். சத்தமாகவே சொன்னேன், பன்னிரண்டு பெண்பிள்ளைகளை இறக்க வேண்டியிருக்கிறது என்றும் சொன்னேன்.

செடியைப் புரட்டிக்கொண்டிருந்த அந்த அம்மா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “வளஞ்சது கண்ணுக்குத் தெரிது, நிமுத்துற. வளையறப்ப வேற எது போச்சின்னு உனக்குத் தெரியுமா?” என்றார். அவ்வளவுதான். மறுபடி செடியைப் புரட்டப் போய்விட்டார்.

எனக்குத் தெரியாது. அதுதான் உண்மை. வண்டியில் வந்தவர்களை அந்தப் போட்டி ஜீப்பிலேயே ஏற்றி அனுப்பிவிட்டு, சிக்னல் கிடைக்கிற பாறைமேல் ஏறி நின்று கீழே என் மெக்கானிக் நண்பனுக்குப் போன் போட்டேன். மதியம் பஸ்ஸில் சாமான் பையோடு வந்து இறங்கினான்.

வந்தவன் அடியில் குனியவே இல்லை. முதலில் ஸ்டியரிங்கைத்தான் பார்த்தான். “நட்டுல புதுக் கீறல் இருக்குதே. கழட்டி நேரா மாட்டினியா?” என்றான். நான் பக்கத்தில் இருந்த புளியமரத்தைப் பார்த்தேன்.

“ஸ்டீரிங்கு சாஞ்சி நின்னது ஒண்ணுதான்டா அது உங்கிட்ட பேசுன பேச்சு. அதயும் வாய மூடி வச்சிட்ட” என்றான். பிறகு என்னை ஏறி உட்காரச் சொன்னான். வண்டியை ஸ்டார்ட் பண்ணாதே, நின்ற இடத்திலேயே கொண்டை ஊசி வளைவில் திருப்புகிற மாதிரி முழுசாக ஒடி என்றான். இடது பக்கம் ஒடித்தேன். வலது பக்கம் ஒடித்தேன். அவன் தரையில் படுத்து ராடின் முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருவாட்டி என்றான். மூன்றாவது தடவை இடது பக்கம் முழுசாக ஒடித்தபோது ‘டக்’கென்று ஒரு சத்தம். பெரிய சத்தம்கூட இல்லை, விறகுக் குச்சி ஒடிந்த மாதிரி. ஸ்டியரிங் சட்டென்று லேசாகிவிட்டது. நான் வலது பக்கம் திருப்பினேன். ஒரு சக்கரம் என் கூட வந்தது. இன்னொரு சக்கரம் வரவில்லை. அது தன்பாட்டுக்கு ரோட்டோரத்துப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

நான் திருப்பத் திருப்ப அந்தச் சக்கரம் அசையாமல் நின்றது.

டை ராடைச் சக்கரத்தோடு இணைக்கிற பந்து மாதிரியான மூட்டு, பால் ஜாயின்ட் என்போம், அதன் கழுத்து ஒடிந்திருந்தது. நண்பன் அதைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தான். ஒடிந்த இடத்தில் பாதி பளபளவென்று புதுசாக இருந்தது. மீதிப் பாதி துருப்பிடித்துப் பழுப்பாக இருந்தது. பழுப்பு, சுவரில் முட்டிய அன்றே விரிசல் விட்ட பாதி. பளபளப்பு, இப்போது ஒடிந்த பாதி. அப்படியானால் மூன்று வாரமாக, நாளுக்கு மூன்று நடை, அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு நான் பாதிக் கழுத்தில்தான் மலை இறங்கியிருக்கிறேன்.

“இன்னும் எத்தினி வளைவு தாங்கியிருக்கும்டா?” என்று கேட்டேன்.

“அதக் கேக்காத” என்றான்.

நான் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. அந்த அம்மா வந்து ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தார். நான்தான் சொன்னேனே என்கிற பார்வை அவர் முகத்தில் இல்லை. ஒடிந்த துண்டை வாங்கி ஒருமுறை திருப்பிப் பார்த்தார், “அம்மாடி” என்றார், திருப்பிக் கொடுத்தார். காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் தூற்றி முடிக்க வேண்டும் என்று முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கையெடுத்துக் கும்பிட வேண்டும் என்று எழுந்தேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் அவர் முதுகைத்தான் கும்பிட்டேன்.

தலைமை ஆசிரியையிடம் போய் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளைகள் முதல் பஸ்ஸில் இறங்குவதென்று முடிவானது. நானும் கூடப் போனேன். போகவேண்டிய வேலை எதுவும் எனக்கு இல்லை. போகாமல் இருக்க முடியவில்லை. வந்தது அன்றைக்குக் கொள்ளின்மேல் ஏறிப்போன அதே பஸ். ஏறுவதற்கு முன் அதன் டிரைவரிடம், பின்னால் இடது உள்சக்கரத்தில் காற்று கம்மி என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு இறங்கிப் போய் இரும்புக் கம்பியால் டயரைத் தட்டினார். வெளிச்சக்கரம் ‘டங்’கென்றது, உள்சக்கரம் ‘பொத்’தென்றது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்றார். நானில்லை அண்ணா, அந்த நேர் ரோட்டில் கொள்ளு காயப்போடுகிற அம்மா சொன்னார், நாளைக்கு நின்று கேட்டுவிட்டுப் போங்கள் என்றேன். காற்றுப் பிடிக்கிற இடம் வரை பஸ்ஸை அவர் உருட்டிக்கொண்டுதான் போனார்.

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் திரும்பும்போது கீழே பள்ளம் தெரிந்தது. எத்தனையோ ஆயிரம் தடவை பார்த்த பள்ளம். அன்றுதான் அதன் ஆழம் தெரிந்தது. முன்னால் அந்தப் பன்னிரண்டு பெண்களும், யார் முதலில் ரெய்டு போவது என்று தொண்டை கிழியச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். அடுத்த நிமிடமே திரும்பி வந்து சண்டையில் சேர்ந்துகொண்டாள். ஒவ்வொரு வளைவுக்கும் நான் அந்தத் தலைகளை எண்ணினேன். பன்னிரண்டு, பன்னிரண்டு, பன்னிரண்டு. அரை இறுதியில் தோற்றுப்போய், திரும்பி வரும் வழியெல்லாம் நடுவரைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தத் திட்டைக் கேட்கக்கூட எனக்குக் கொடுத்து வைத்திருந்தது.

புது டை ராடு, புது ஜாயின்ட் எல்லாம் போட்டு, கள்ளக்குறிச்சியில் சக்கர அலைன்மென்ட்டும் பார்த்து, புதன்கிழமை மறுபடி ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறினேன். ஸ்டியரிங் கம்பியைப் பழைய பல்லிலேயே மாட்டியிருந்தேன். இந்த முறை அது தானாகவே நேராக நின்றது. அந்த ரோட்டில் கடைசிக் கட்டுச் செடி காய்ந்துகொண்டிருந்தது. என்னைக் கண்டதும் அந்த அம்மா கவைக்கோலைக் குறுக்கே நீட்டினார். வண்டிக்குள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

“செஞ்சிட்டியா?”

“செஞ்சிட்டேம்மா.”

“அப்ப நடுவுல வா. மெதுவா.”

கோலை விலக்கினார். நான் ஏற்றினேன். தாண்டிப் போய் நிறுத்திவிட்டு, இறங்காமல் கண்ணாடியில் பார்த்தேன். அவர் என் தடத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, செடியை விலக்கி விலக்கிப் பார்த்தார். ஒரு பிடி அள்ளி ஊதினார். உள்ளங்கையைச் சூரியனுக்குக் காட்டினார். ஆர்.டி.ஓ. ஆபீசில் வண்டியை எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றுக்கு நிறுத்திவிட்டு இன்ஸ்பெக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுகூட எனக்கு நெஞ்சு இப்படி அடித்ததில்லை.

எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டார். “ரெண்டும் சமாதானமாயிடுச்சி. போ” என்றார்.

இப்போது நான் ஜீப் ஓட்டுவதில்லை, சின்னசேலத்தில் சொந்தமாக வேன் வைத்திருக்கிறேன். பார்க்கிங்கில் லேசாக உரசினால்கூட, எங்கேயாவது ரோட்டில் கொள்ளோ உளுந்தோ காய்கிறதா என்று தேடிப் போய் அதன்மேல் ஓட்டி, இறங்கித் திரும்பி வந்து தடத்தைக் குந்திப் பார்க்கிறேன். பார்த்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் நான் எழுந்திருப்பதில்லை. போ என்று அந்தக் குரல் சொன்னால்தான் போகலாம் என்று இன்னமும் எனக்குத் தோன்றிக்கொண்டிருக்கிறது.